சேர்க்கை எண் ஒன்று

தலைமை சிஸ்டர் அந்தச் செய்தியைச் சொன்னபோது கல்வெட்டு டீச்சர் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் பாவம் பார்த்து அரை மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்ததும் அந்த அரை மார்க்கை அடித்துவிட்டாள். அந்தப் பிள்ளை செய்த குற்றம், அந்த நேரத்தில் அதன் தாள் மேலே இருந்தது மட்டும்தான்.

செய்தி இதுதான். பள்ளிக்கு நூறு வயதாகிறது. நூற்றாண்டு விழாவில் பள்ளியின் வரலாறு புத்தகமாக வரும். ஆயர் வந்து வெளியிடுவார். எழுதப்போவது கணக்கு டீச்சர்.

ஆசிரியர் அறையில் இருந்த பதினாறு பேரும் கணக்கு டீச்சரைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, துக்க வீட்டில் யாரைப் பார்ப்பது என்று தெரிந்தவர்களைப் போல வரலாற்று டீச்சரைப் பார்த்தார்கள். அவள் சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

வரலாற்று டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கல்வெட்டு. ஒரு தடவை சொன்னதை மாற்றமாட்டாள். தேய்ந்தாலும் எழுத்து போகாது. கணக்கு டீச்சரின் பெயர் வாய்ப்பாடு. எங்கே தட்டினாலும் பதில் விழும். இரண்டு பெயருமே ஆசிரியர் அறைக்குள் வந்து, கடைசியில் சிஸ்டர்கள் வாயிலும் ஏறிவிட்டன. இனிமேல் ஓய்வு பெறும்போதுதான் இறங்கும்.

அன்று மதிய இடைவேளையில் கல்வெட்டு தலைமை சிஸ்டரின் அறைக்குப் போனாள். சிஸ்டர் நல்லவர். நல்லவர்கள் உண்மையைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல டீச்சர். நேரத்து மேலதான் நம்பிக்கை இல்ல."

இதற்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. பள்ளியின் வரலாற்றை எழுத கல்வெட்டு பதினோரு வருஷத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆகியிருந்தது. அதில் பள்ளியின் முதல் ஒன்பது வருஷம் முடிந்திருந்தது. கப்பலில் வந்த மூன்று சிஸ்டர்கள் கரை இறங்கவே எழுபது பக்கம். தானியக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து அதில் இரண்டு பெஞ்சு போட்டது முப்பது பக்கம். கிணறு வெட்டியது தனி அத்தியாயம். தண்ணீர் வருவதற்குள் படிப்பவனுக்குத் தாகம் எடுத்துவிடும். கட்டடத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. இந்தக் கணக்கில் போனால் நூறாவது வருஷத்தை எட்ட இன்னும் நூற்றுப் பத்து வருஷம் ஆகும் என்பதைச் சொல்லக் கணக்கு டீச்சர் தேவையில்லை. வீட்டில் தபால் ஆபீஸ்காரரே சொல்லிவிட்டார்.

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூடம் இன்னொரு நூறாண்டு கொண்டாடிரும்" என்றார் அவள் கணவர். "அவ எழுதட்டுமே. உனக்கென்ன?"

உனக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு விளக்க முடியாத விஷயம் அது. ஆறாம் வகுப்பில் சேர அலுவலக வாசலில் வரிசை நின்றபோது, பத்து வயதுக் கல்வெட்டுக்கு முன்னால் ஒரு ரெட்டைச் சடைக்காரி நின்றாள். அவளுக்குச் சேர்க்கை எண் ஐயாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. இவளுக்குப் பதினேழு. ஷூ லேஸ் அவிழ்ந்து, குனிந்து கட்டிய நேரத்தில் அந்த ரெட்டைச் சடை முன்னால் புகுந்தது என்பது கல்வெட்டின் கட்சி. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது வாய்ப்பாட்டின் கட்சி. நாற்பத்திரண்டு வருஷமாக வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அன்றைக்கு விழுந்த வரிசை அதற்குப் பிறகு கலையவே இல்லை. வகுப்பில் அவள் முதல், இவள் இரண்டாவது. அவள் தலைவி, இவள் துணைத் தலைவி. இருவரும் ஒரே வருஷம் இதே பள்ளிக்கு வேலைக்கு வந்தார்கள். அவள் ஜூன் மூன்றாம் தேதி கையெழுத்துப் போட்டாள், இவள் நான்காம் தேதி. அந்த ஒரு நாளால் சீனியாரிட்டியும் அவளுக்கே. எரிச்சல் என்னவென்றால் வாய்ப்பாடு இதையெல்லாம் போட்டியாக நினைத்ததே கிடையாது. போட்டியே நடக்கிறது என்று தெரியாத ஒருத்தியிடம் நாற்பத்திரண்டு வருஷம் தோற்றுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று தபால் ஆபீஸ்காரருக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஆனால் வரலாறு தன்னுடையது என்று அவள் நம்பியிருந்தாள். வீட்டில் எல்லாப் பலகாரத்தையும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை மட்டும் உன்னுடையது என்று சொல்லி ஒதுக்கி வைத்தது மாதிரி. இப்போது அந்தக் கிண்ணத்தையும் அக்கா எடுத்துக்கொண்டாள். அதுவும் பசியால் அல்ல. கிண்ணம் காலியாக இருந்தது, கழுவி வைத்தேன் என்கிற முகத்தோடு.

வாய்ப்பாடு முதல் வாரத்திலேயே அட்டவணை போட்டாள். எந்த வருஷம் எத்தனை பிள்ளைகள், எத்தனை அறைகள், எந்தத் தலைமை சிஸ்டர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. ஒரு நாளைக்கு இரண்டு வருஷம் என்று கணக்கு வைத்து எழுதினாள். நூறு வருஷம், ஐம்பது நாள். இரண்டாம் நாளே கிணற்றைத் தாண்டிவிட்டாள். 'குடிநீருக்காகக் கிணறு வெட்டப்பட்டது' என்று ஒரே வரி. கல்வெட்டு அந்த வரியை அவள் மேஜையில் தலைகீழாகவே படித்தாள். நாற்பத்தாறு பக்கம் வெட்டிய கிணறு. அவள் வயிற்றில் இருந்தது அந்தக் கிணற்றுத் தண்ணீராலும் அணைந்திருக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது வாய்ப்பாடு பக்கத்துக் குழாய்க்கு வந்தாள்.

"ஏய், ஒண்ணு கேக்கணும். இந்தப் பள்ளிக்கூடத்துல முதல்ல சேர்ந்த பிள்ளை யாருடி? அதுல ஆரம்பிச்சா நல்லா இருக்கும்ல?"

கல்வெட்டு குழாயை மூடினாள்.

இங்கேதான் கதையை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவள்தான்.

எட்டாம் வகுப்பில் நூலகத்தில் பேசியதற்காக அவளுக்குத் தண்டனை கிடைத்தது. பேசியது வாய்ப்பாடு, மாட்டியது இவள். கரையான் அரித்த பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புது நோட்டில் பார்த்தெழுத வேண்டும். முதல் பக்கம், முதல் வரி. எண்: ஒன்று. பெயர்: மரியா. தகப்பன் பெயர்: சுவக்கீன். தாய்: அன்னம்மாள். பிறந்த தேதி: செப்டம்பர் எட்டு, வருஷம் போடவில்லை. வசிப்பிடம்: சிற்றாலயம். கட்டணம்: இல்லை. விலகிய தேதி: ஆகஸ்ட் பதினைந்து. விலகிய காரணம்: தகப்பன் வீட்டுக்குத் திரும்பினாள்.

எழுதிக்கொண்டே வந்த பெண், செப்டம்பர் எட்டில் நிமிர்ந்து பார்த்தாள். நூலக சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முதல் நம்பர் மாதாவுக்கு" என்றார். "முதல்ல வந்த சிஸ்டர்கள் அவங்க பேரை எழுதிட்டுத்தான் மனுஷப் பிள்ளைங்களைச் சேர்த்தாங்க. இதைப் போய் வெளியில சொல்லிட்டுத் திரியாதே. இன்ஸ்பெக்டர் வந்தா ஆளைக் காட்டுன்னு கேப்பாரு."

மறைக்கல்வி படித்த எந்தப் பிள்ளைக்கும் அந்த வரியைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மாதாவின் பெற்றோர் பெயர், பிறந்த நாள், விண்ணுக்குப் போன நாள் எல்லாம் நான்காம் பாடம். ஆனால் வாய்ப்பாடு வேறு மதம். கோயில் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் பீரியடில் மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். பள்ளி வாழ்க்கையில் அவர்கள் இருவரும் பிரிந்திருந்தது வாரத்துக்கு அந்த ஒரு பீரியட்தான். வாய்ப்பாட்டுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஏதாவது இருந்தால், அது அந்த ஒரு பீரியடுக்குள்தான் இருக்க வேண்டும்.

"ரிஜிஸ்டர்ல இருக்குமே" என்றாள் கல்வெட்டு. "முதல் பக்கம் பாரு."

சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அதன் அழகு.

ஐம்பத்தோராம் நாள் அச்சுப்படி வந்தது. வாய்ப்பாடு அதைக் கொண்டுவந்து கல்வெட்டின் மேஜையில் வைத்தாள். "நீ ஒரு தடவை பாத்துரு. நீ பாக்காம போச்சுன்னா எனக்கு நிம்மதி இருக்காது."

தொண்ணூற்றாறு பக்கம். கல்வெட்டு சனிக்கிழமை முழுக்க சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று பிழை பிடித்தாள். இரண்டாவது தலைமை சிஸ்டர் இறந்த வருஷம் தப்பு. மணி வந்தது கப்பலில் அல்ல, மாட்டு வண்டியில். இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தியபோது, தன்னை அறியாமல் ஒரு சந்தோஷம்கூட வந்தது. புத்தகம் மோசமில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. எட்டு மணிக்கு மணி அடிக்கும், எல்லாரும் உள்ளே வருவார்கள் என்பது போல எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க நூறு வருஷமும் ஒழுங்காக வரிசையில் வந்தன.

ஏழாம் பக்கத்தில் அது இருந்தது.

'இப்பள்ளியின் முதல் மாணவி மரியா என்னும் ஏழைச் சிறுமி, ஆவாள். பெற்றோர் சுவக்கீனும் அன்னம்மாளும் வறுமையால் அவளைச் சிற்றாலயத்தில் விட்டுச் சென்றிருக்க வேண்டும். பிறந்த ஆண்டைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை. அவளிடம் கட்டணம் பெறப்படவில்லை. எனினும் ஆகஸ்ட் பதினைந்தாம் நாள் அவள் படிப்பை விட்டுத் தகப்பன் வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. அதன்பின் அவளைப் பற்றிய தகவல் இல்லை. அக்காலத்தில் பெண்கல்வியின் நிலை அத்தகையதாக இருந்தது.'

கல்வெட்டு முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்து தபால் ஆபீஸ்காரர், "என்ன, அவளும் கிணறு வெட்டுறாளா?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. பேனா அந்தப் பத்தியின் மேல் நின்றது. ஒரு கோடு இழுத்தால் போதும். இழுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்: 'அய்யோ, நல்லவேளை சொன்னே' என்று வாய்ப்பாடு சிரிப்பாள், ஆசிரியர் அறையில் அவளே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், தவறுகூட அவளுக்கு அழகாகிவிடும். இழுக்காவிட்டால்? ஆயர் முன்னால், ஆயிரம் பேர் முன்னால், ஒரே ஒரு தடவை, வாய்ப்பாட்டுக்கு விடை தப்பாகும்.

பேனா கீழே இறங்கியது. 'சிறுமி' என்ற சொல்லுக்குப் பின்னால் தேவையில்லாமல் கிடந்த ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். கேட்டால் கவனிக்கவில்லை என்று சொல்லலாம் என்ற வழியையும் அந்தக் காற்புள்ளி அடைத்துவிட்டது என்று மறுநாள் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுதான் உறைத்தது. எதிரே பீடத்துக்குப் பக்கத்தில் சேர்க்கை எண் ஒன்று நீல முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். கல்வெட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. தலைமை சிஸ்டர் ஒரு பிரதியை எடுத்து, தம் படம் வந்த பக்கத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு, "ரொம்ப ஆழமா இருக்கு" என்றார். கல்வெட்டும் ஒன்றை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

'இந்நூலில் உள்ள வரலாற்றுச் செய்திகள் அனைத்தையும் வரிக்கு வரி சரிபார்த்துத் தந்தவர்' என்று போட்டு, கீழே அவளுடைய முழுப் பெயர். பட்டம். துறை. 'நாற்பத்திரண்டு ஆண்டுத் தோழி.' புத்தகத்தில் எழுதியவள் பெயரைவிட அது ஒரு அளவு பெரிய எழுத்தில் இருந்தது.

"ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் அச்சுப்படியில போடல" என்றாள் வாய்ப்பாடு, பின்னால் நின்றுகொண்டு. "என் பேர் சின்னதா இருக்கட்டும், அவ பேரைப் பெருசா போடுங்கன்னு சொல்லிட்டேன். நிறையத் திருத்தினது நீதானேடி."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நிற்கிறாள். அதுவும் இந்தப் பக்கத்தில்.

அன்று சாயங்காலம் தலைமை சிஸ்டர் அறை வாசல்வரை போனாள். சிஸ்டர் பந்தல்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கையால் என்ன என்று கேட்டார். கல்வெட்டு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். வீட்டில் கணவரிடம் மட்டும், யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

"இதுக்கா பயப்படுறே? விழாவுல எவன் புத்தகம் படிச்சிருக்கான்? ரிப்பனை அவிழ்ப்பாரு, போட்டோவுக்குத் தூக்கிக் காட்டுவாரு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட குடுத்துருவாரு. அவ்வளவுதான்."

ஆனால் ஆயர் படிக்கிற ஆள்.

பிற்பகல் மூன்று மணி. மைதானம் முழுக்கப் பிள்ளைகள், பழைய மாணவிகள், வெயில். மேடையில் ஆயர் ரிப்பனை அவிழ்த்தார். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்கவில்லை. பேச எழுந்தபோதும் கையிலேயே வைத்திருந்தார்; விரல் உள்ளே ஒரு பக்கத்தில் இருந்தது. ஆசிரியர்கள் வரிசையில் கல்வெட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது விரல்.

"ஒரு பகுதியை வாசிக்கிறேன்" என்றார் ஆயர். கண்ணாடி போட்டார். ஏழைச் சிறுமியில் ஆரம்பித்துத் தகப்பன் வீடுவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். காற்புள்ளி இல்லாத இடத்தில் அவர் நிறுத்தவில்லை என்பதைக்கூடக் கல்வெட்டு கவனித்தாள். வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மைதானம் அமைதியானது. கல்வெட்டுக்குப் பக்கத்தில் வாய்ப்பாடு சாதாரணமாக உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு வாயை மூடு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ பள்ளிக்கூட மலர் பாத்திருக்கேன்" என்றார் ஆயர். குரல் கொஞ்சம் கரகரத்தது. "கட்டடம் இத்தனை, கழிப்பறை இத்தனைன்னு போட்டிருப்பாங்க. இப்படி ஒரு தொடக்கத்தை நான் பாத்ததே இல்ல. இந்த முதல் மாணவி யாருன்னு நான் விளக்கப்போறதில்ல. விளக்கினா அழகு போயிரும். 'அதன்பின் அவளைப் பற்றிய தகவல் இல்லை'யாம்! என்ன ஒரு வரி! தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

முன் வரிசையில் சிஸ்டர்கள் ஒவ்வொருவராகப் புத்தகத்தைப் புரட்டி, ஏழாம் பக்கத்தில் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து, கண்ணைத் துடைத்தார்கள். தலைமை சிஸ்டர் எல்லாம் தமக்கு முன்பே தெரியும் என்பது போலத் தலையசைத்தார். கைதட்டல் முன்னால் ஆரம்பித்துப் பின்னால் பரவியது. எதற்கு என்று தெரியாத பிள்ளைகள்தான் அதிகச் சத்தமாகத் தட்டினார்கள்.

கல்வெட்டு தட்டவில்லை. தன் மடியில் இருந்த இரண்டு கையையும் யாருடையவோ என்பது போலப் பார்த்தாள். தப்பான விடைக்கும் முழு மார்க். நாற்பது வருஷமாக அந்த வரியை நெஞ்சுக்குள் வைத்திருந்தவளின் நானூற்றுச் சில்லறைப் பக்கங்கள் இரும்பு அலமாரியில் தூங்குகின்றன, அர்த்தமே தெரியாமல் எழுதியவள் ஆயரை அழவைக்கிறாள். தான் எழுதியிருந்தால் அதற்குக் கீழே பன்னிரண்டு அடிக்குறிப்பு போட்டிருப்போம் என்ற நினைப்பு வந்தது. ஒரு சிஸ்டரும் கண்ணைத் துடைத்திருக்க மாட்டார்.

வாய்ப்பாட்டை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போய் மைக் முன்னால் நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல ஆண்டவரே. ரிஜிஸ்டர்ல இருந்ததைத்தான் எழுதினேன்."

இந்தத் தாழ்மைக்கு இன்னொரு கைதட்டல்.

"நெசமாத்தான் சொல்றேன். ரிஜிஸ்டரைப் பாருன்னு சொன்னதே என் தோழிதான். அந்தப் பக்கத்தைச் சரிபார்த்ததும் அவதான். அவ மேல வந்தாதான் இந்தக் கேடயத்தை வாங்குவேன்."

ஆயிரம் தலை திரும்பியது. கல்வெட்டு எழுந்தாள். நாற்காலிகளுக்கு இடையே நடந்தாள். மேடைப் படியில் ஏறும்போது, இதைத்தானே நாற்பத்திரண்டு வருஷமாகக் கேட்டோம் என்று நினைத்தாள். இப்படிக் கேட்கவில்லையே என்றும் நினைத்தாள். கேடயம் ஒன்றுதான் இருந்தது. இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளுமாகப் பிடித்தார்கள். புகைப்படக்காரர் கையை ஆட்டினார்.

"பின்னாடி நிக்கிற டீச்சர், கொஞ்சம் முன்னாடி வாங்க."

வாய்ப்பாடு தானே அரை அடி பின்னால் நகர்ந்து, தோழியின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். இழுத்த வேகத்தில் காதருகே குனிந்து, பல்லைக் காட்டிச் சிரித்தபடியே உதடு அசையாமல் கேட்டாள். காலை ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைத்துப் பழகியவள் இப்போது அதைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"ஏய், யாருடி அந்த மரியா? எதுக்கு எல்லாரும் அழுறாங்க?"

அந்தப் படம் இப்போது அலுவலகத்துக்கு வெளியே, ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரிசை நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வரிசை நகராதபோது பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். நடுவில் ஆயர். அவருக்கு இடப்பக்கம் கேடயம். கேடயத்துக்குப் பின்னால் வாய்ப்பாடு, தலையைச் சற்றே சாய்த்து, பதிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். அரை அடி முன்னால் கல்வெட்டு. கண்ணாடியில் வெயில் படாத நேரம் பார்த்தால் தெரியும்: அவளுடைய வாய் பாதி திறந்திருக்கிறது.